1400 ஞூ 50

"எக்கா, ஞூண்ணா என்னவாக்கும்?"

எண்பது மீட்டர் மேலே, நாசெல்லுக்குள் மடங்கிக் கிடந்தபடி
றசல் கேட்கிறான்.
பங்குனி. காற்றுச் சீசனுக்கு இன்னும் மாதமிருக்கிறது.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் இப்போது வீசுவது பிள்ளைக்காற்று.
ஆனாலும் தொலைபேசியில் அது
அவனை முந்திக்கொண்டு பேசிவிடுகிறது.

"பதினேழாம் பக்கம். ஆயிரத்து நானூறு. பொறவு ஒரு ஞூ.
பொறவு அம்பது.
நான் போல்ட்ட முறுக்கணுமா, வேண்டாமா?"

பதினேழாம் பக்கத்தை எழுதியவள் நான்.
என் திரையில் அது 1400 ± 50.
கூட்டலும் கழித்தலும் ஒட்டிப் பிறந்த அந்தக் குறியை
வடசேரி அச்சகத்துப் பழைய எழுத்துருவுக்குத் தெரியாது.
அது இருக்கவேண்டிய அறையில்
ஒரு ஞூவைக் குடிவைத்திருந்தது.
எந்தச் சொல்லுக்கும் வேலைக்குப் போகாத எழுத்து
என் கையேட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

இது முதல் தடவை அல்ல.
தை மாதம் "கா. 4" என்று எழுதினேன்.
எனக்கு அது, காண்க: படம் 4.
அவனுக்கு அது, காற்றாலை நான்கு.
ஒன்பதாம் ஆலையிலிருந்து உடைமுள் காட்டு வழியே
முறுக்குச்சாவியைத் தோளில் சுமந்து போய்
ஏறி, பார்த்து,
குறை ஒன்றும் இல்லையென்று
பதிவேட்டில் எழுதிவிட்டு இறங்கியிருக்கிறான்.
நான் மிச்சம் பிடித்தது இரண்டு எழுத்து.
அவனுக்குச் செலவு இருநூற்று எண்பது ஏணிப்படி.

அதன்பிறகு பயந்து பயந்துதான் எழுதினேன்.
ஆங்கிலத்தில் பெரிய எம், சின்ன எம் என்று தப்பித்துக்கொள்கிறார்கள்.
நமக்கு ஏது பெரிய எழுத்து?
முன்னால் ஒற்றைக்கொம்பு நின்றால் மெ.வா., மெகாவாட்.
தலையில் சுழித்தால் மி.வா., மில்லிவாட்.
நடுவில் நூறு கோடி மடங்கு.
நி.மீ. என்பதை, நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று
ஒருவர் வாசித்துக் காட்டியதும்
நியூட்டன் மீட்டர் என்று நீட்டி எழுதினேன்.
புள்ளி கண்ட இடமெல்லாம் சந்தேகம்.
மெய்யின் தலையில் உட்கார்ந்தால் உயிரை எடுக்கிறது,
சொல்லின் காலடியில் உட்கார்ந்தால் மீதியை விழுங்குகிறது.
இத்தனையும் பார்த்தவள்
அச்சாகி வந்த கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"முறுக்காதே, இரு" என்கிறேன்.
"கூட்டல் கழித்தல் ஐம்பது.
ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்குக் குறையக் கூடாது.
ஆயிரத்து நானூற்றைம்பதைத் தாண்டவும் கூடாது."
காற்று பாதியைத் தின்றுவிடுகிறது.
"ஒருக்கா கூட சொல்லுங்க."
சொல்கிறேன்.
இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்கிறான்.

பிறகு கேட்கிறேன்: "ஊகிச்சு முறுக்கியிருந்தா?"
"தெரியாத எழுத்த எப்பிடி வாசிக்கது?" சிரிக்கிறான்.
"சின்ன ர போட்டு என் பேர எழுதினாலே
நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மாலை. நூற்று முப்பத்தொன்பது பிரதிகள், ஒரு கறுப்புப் பேனா.
ஞூவை அடித்து, அடித்து, பக்கத்தில் ±.
எண்பதுக்கு மேல் கை கோணியது.
எதிலோ கீழ்க்கோட்டை விட்டு
வெறும் கூட்டலாகப் போட்டுவிட்டேனோ என்று
முதலிலிருந்து எல்லாவற்றையும் புரட்டினேன்.
ஒன்றில் விட்டிருந்தேன்.

நூற்று நாற்பதாவது றசலிடம் இருந்தது.
மறுநாள் கிரீஸ் ரேகைகளோடு வந்து சேர்ந்தது.
ஞூவின் மேல் அவனே வரைந்திருந்தான்.
அடியில் ஒரு படிக்கோடு,
அதன்மேல் கொஞ்சம் நெட்டையாய் ஒரு கூட்டல்,
முட்டம் போகிற வழியில்
முக்குக்கு முக்கு நிற்குமே, அந்தக் குருசடி மாதிரி.
அளவு சரியில்லை. தடிமனும் சரியில்லை.
நான் தொடவில்லை.

ஓரத்தில் பென்சிலால்,
"கா. பக்கம் 17."
அதன் கீழே, இன்னும் பொடியாக,
"காண்க. காற்றாலை இல்ல."